சரியாக வந்த ரிப்போட்

முதல் பரிசோதனையின் கண்ணாடித் துண்டு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஊதாவாகச் சாயமேறிய ஒரு துளி ரத்தம். எண்பதுகளின் பிற்பகுதியில் மாத்தளையில் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தேன். நுண்ணோக்கிக்கும் எனக்கும் நடுவே என் தொப்பை மூன்றாம் ஆளாக உட்கார்ந்திருக்கும்.

அந்த ரத்தம் பலாபத்வலைப் பக்கத்துத் தோட்டத்து ஏழு வயதுப் பெண்பிள்ளையுடையது. மிளகு ஸ்டோரை ஒட்டிய லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருந்தார்கள். தூசு பறந்தாலே பிள்ளைக்கு இழுப்பு. ஒவ்வாமைதான் என்று ரத்தம் சொன்னால், வேறு லயத்தில் அறை கேட்டுத் தோட்டத்துத் துரைக்குக் கடிதம் எழுதுவதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஒவ்வாமையில் உடம்பு சுரக்கும் ஹிஸ்டமினை நேராக அளக்க எங்களிடம் வசதியில்லை. அது ஆட்டம் போடும் பிள்ளைகளின் ரத்தத்தில் இயோசினோபில் என்ற செல்கள் பெருகும். செம்மஞ்சள் பொட்டு வைத்தாற்போலத் தெரியும். அவற்றை எண்ணுவது என் வேலை. எண்ணினேன். கூடுதலாக ஒன்றுமில்லை.

"ஒங்க மக ரத்தம் என் ரத்தத்த விட சுத்தம்மா. என்னையத்தான் வார்ட்டுல போடணும்" என்றேன்.

தாய் சிரித்தாள். "மூணு நாளா டிஸ்பென்சரி வெள்ள மாத்திர குடுத்துத்தாங்க ஐயா கூட்டியாந்தேன். ஆமி செக்பொயின்ட்ல எல்லாரும் எறங்கி நடக்கணுமே. இழுத்துக்கிட்டு பிந்துனா பஸ் நிக்காதுங்க."

அந்த ஸ்டீராய்ட் மாத்திரை நான் தேடும் செல்களையே குறைத்துவிடும். கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வியை, வேடிக்கை பேசும் அவசரத்தில் கேட்கவில்லை. இப்போதெல்லாம் கல்யாண வீட்டில்கூட "மாத்திரை ஏதும் குடித்தீர்களா" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறேன். அன்றோ, டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேளாமல், "ரெண்டு கிழமை மாத்திர குடுக்காம கூட்டியாங்க" என்று பெரிய மனிதனாகச் சொல்லியனுப்பினேன்.

இரண்டு வாரமும் சொன்னபடியே செய்தாள். வரும் வழியில் சோதனைச் சாவடியில் பிள்ளை பிந்தியது; பஸ் போய்விட்டது. மிச்ச வழியை முதுகில் சுமந்து நடந்தாள். நான் ரத்தம் எடுக்கும்போதே பிள்ளையின் உதடு நீலம். வார்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கண்ணாடியில் பார்த்த இடமெல்லாம் செம்மஞ்சள் பொட்டு. துரையே வந்து எண்ணினாலும் தப்பாது என்று சந்தோஷப்பட்டேன், மடையன்.

மத்தியானம் தாண்டி அவள் என் ஜன்னலுக்கு வந்தாள். பிள்ளையின் உயிர் போய் ஒரு மணி நேரமாகிறது என்று சிற்றூழியர் என் காதில் சொன்னார்.

"ஐயா, ரிப்போட்டு சரியா வந்திருச்சுங்களா?"

"வந்திருச்சும்மா."

"அப்ப ரூம் குடுப்பாங்களா? சின்னவ ஒருத்தி இருக்கா. அவளுக்கும் இப்ப இழுக்கத் தொடங்கியிருக்குங்க."

என் கையிலிருந்த தாளில் மூத்தவளின் பெயர் இருந்தது.