ஜெரிக்கோ கொண்டுவந்த பன்சித்

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரத்துக் கல்லூரி ஒன்றில் ரியாலினுக்குக் கோபக்காரி என்று பெயர். ஏன் கோபம் வருகிறது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

சமூகவியல் பாடத்துக்கு மூன்று பேர் சேர்ந்து ஒரு பருவக் கட்டுரை எழுத வேண்டும். ரியாலின்தான் குழுத் தலைவி. ஜீப்னி எனும் சிற்றுந்துகளின் ஓட்டுநர்கள் வழித்தடத்துக்காக ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்பது தலைப்பு. அவளும் மெலடியும் ஜீப்னி நிலையத்தில் வெயிலில் நின்று, டீசல் புகையை விழுங்கி, ஓட்டுநர்களிடம் திட்டும் வாங்கி எழுதி முடித்தார்கள். மூன்றாமவன் ஜெரிக்கோ ஒரு வரிகூட எழுதவில்லை. எது கேட்டாலும் கைப்பேசியில் கட்டைவிரல் படம் அனுப்புவான். "சாப்பாடு என் பொறுப்பு," என்பான்.

கட்டுரையை வகுப்பில் படிக்கும் நாளில் ஆசிரியருக்குச் சாப்பாடு வைப்பது வழக்கம். மாணவர்களிடம் உணவு வாங்கக் கூடாது என்று துறைத் தலைவி வகுப்புக் கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தார். அதைத் தாண்டித்தான் தட்டுகள் உள்ளே போகும்.

வேலை செய்யாதவர் பெயரைக் குழுத் தலைவி கட்டுரையின் முகப்பிலிருந்து எடுத்துவிடலாம், பெயர் இல்லாவிட்டால் மதிப்பெண் இல்லை. இந்த விதியைச் சொன்னவர் சமூகவியல் ஆசிரியர் எஸ்கலாந்தே சார். ரியாலின் ஜெரிக்கோவின் பெயரை எடுத்துவிட்டாள்.

"வேண்டாம்டி, எல்லாரும் உன்னைத்தான் பேசுவாங்க," என்றாள் மெலடி.

"பேசட்டும். புகையில நின்னது நாமதானே?"

அன்று ஜெரிக்கோ பெரிய தட்டு நிறைய பன்சித் நூடுல்ஸும் சுட்ட கோழியும் கொண்டுவந்தான். முகப்பைப் பார்த்ததும் முகம் மாறியது.

"என் பேரு எங்க?"

"நீ எழுதின பக்கம் எங்க?"

"கோழிக்கடை வரிசையில நின்னேனே, அது உழைப்பு இல்லையா?"

வகுப்பே சிரித்தது. எஸ்கலாந்தே சாரும் கோழிக்காலைக் கடித்தபடியே சிரித்தார்.

"ஏம்மா ரியாலின், பையன் எவ்வளவு ஆசையா கொண்டுவந்திருக்கான். நாலு பேரோட ஒத்துப்போகக் கத்துக்கம்மா. அவன் பேரையும் எழுதிடு."

"விதி நீங்க சொன்னதுதானே, சார்?"

"விதியாம் விதி. எழுதலேன்னா உன் மார்க்தான் குறையும்."

மதிப்பெண் குறைந்தால் அவளுடைய உதவித்தொகை நின்றுவிடும். அது அவருக்கும் தெரியும். ரியாலினுக்குக் காது மடல் வரை எரிந்தது. பேனாவை எடுத்தாள். முகப்பில், இரண்டு பெயர்களுக்கும் கீழே, அழுத்தி எழுதினாள்: 'எஸ்கலாந்தே சாருக்குச் சாப்பாடு வாங்கித் தந்தவர்: ஜெரிக்கோ.'

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "என்ன இது?"

"அவன் செஞ்ச வேலை, சார். செஞ்சதைத்தானே எழுத முடியும்?"

கட்டுரைகள் எல்லாம் கடைசியில் துறைத் தலைவியின் மேசைக்குத்தான் போகும். சார் அறிவிப்பு ஒட்டிய கதவை ஒருமுறை பார்த்தார். விரல்களைத் துடைத்துக்கொண்டு தட்டை மூடினார்.

"வேற முகப்பு அச்சடிச்சுக் கொண்டா. ரெண்டு பேரு போதும். மார்க்ல கை வைக்க மாட்டேன்."

"அப்ப நான், சார்?" என்றான் ஜெரிக்கோ.

"நீ தனியா ஒண்ணு எழுதிக் கொண்டா, போ."

வெளியே வந்ததும் மெலடி கேட்டாள், "இப்பவாவது சந்தோஷமா?"

"என்ன சந்தோஷம்? நாம எழுதினதுக்கு நம்ம பேரைப் போட இவ்வளவு சண்டை. எழுதினதை அந்த ஆள் ஒரு பக்கம்கூடப் புரட்டல, பாத்தியா?"

அச்சுக்கடைக்குள் நுழையும்போதும் அவள் கோபம் தணியவில்லை.

"அண்ணே, பேரைக் கொஞ்சம் பெருசா போடுங்க," என்றாள்.