தப்பு நோட்டு

என் மகள் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படித்த வருடம் முழுக்க நான் ஒரு பெண்மணியைப் பார்த்து வயிறு எரிந்துகொண்டிருந்தேன். அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. செய்ததெல்லாம் நல்லதுதான். அதுதான் எரிச்சலே.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையை மேசையில் விரித்து, தையல் விட்டுப்போன இடம், கறை, கோணல் காலர் எதுவாக இருந்தாலும் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். தப்பு கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டிலும் அதே புத்திதான். கேஸ் சிலிண்டரை மூடினோமா, ஹால் டிக்கெட்டில் போட்டோ தெளிவாக விழுமா, பரீட்சை அன்று ரயில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று ஒன்று மாற்றி ஒன்று தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பரீட்சைக்கு எட்டு மாதம் இருக்கும்போதே ரயிலைப் பற்றிக் கவலைப்பட்ட ஆள் நான்.

சட்டம் படிக்கிறேன் என்று மகள் சொன்னபோது வீட்டில் யாருக்கும் அதன் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. வக்கீலாவதற்கு முன்னால் ஒரு பரீட்சை, அது முழுக்க இங்கிலீஷ், நூற்றிருபது கேள்வி, இரண்டு மணி நேரம், தப்பாக எழுதினால் கால் மார்க் பிடித்துக்கொள்வார்கள் என்பதை அவள்தான் போனில் பார்த்துச் சொன்னாள். ஜெராக்ஸ் கடையில் பழைய கேள்வித்தாள்களைப் பிரிண்ட் எடுத்து வந்தாள். உண்மையான பரீட்சை மதியம் இரண்டிலிருந்து நாலு என்பதால், ஞாயிற்றுக்கிழமை அதே இரண்டிலிருந்து நாலு வரை முன்னறையில் பாய் போட்டு உட்கார்ந்து எழுதுவாள். அந்த இரண்டு மணி நேரமும் எங்கள் வீட்டில் டிவி கிடையாது, மிக்சி கிடையாது. வீட்டுக்காரர் தும்மினால்கூட நான் முறைப்பேன்.

திருத்துவது என் வேலை. கேள்வி எனக்குப் புரியாது. ஆனால் விடைத்தாளில் நிரப்பிய வட்டமும், அச்சடித்த விடைப்பட்டியலும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க இங்கிலீஷ் எதற்கு? ஏ, பி, சி, டி தெரிந்தால் போதும். இடது கை விரலைப் பட்டியலில் வைத்து, வலது கையால் சிவப்புப் பேனாவில் டிக் போட்டுக்கொண்டே வருவேன். நாலு தப்புக்கு ஒரு மார்க் கழிப்பேன். முதல் தாளில் முப்பத்தைந்து வந்தது. அடுத்தது முப்பத்தெட்டரை. அப்புறம் நாற்பத்தொன்று. குறைவுதான், தெரியும். ஆனாலும் அந்த மார்க்கை முதலில் பார்ப்பவள் நான். சொல்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்து, அவள் என் முழங்காலைப் பிடித்து ஆட்டிக் கெஞ்சிய பிறகு சொல்வேன். படிப்பு என்ற விஷயத்தில் என் மகள் என்னிடம் வந்து நின்றது அந்த ஒரு நேரத்தில்தான்.

அப்போதுதான் குவார்ட்டர்ஸ் அம்மா வந்து சேர்ந்தார். என் மகளோடு ஒரே வகுப்பில் படிக்கும் பெண்ணின் அம்மா. ஆவடியில், கணவர் வேலை பார்க்கும் டிபென்ஸ் பேக்டரியின் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இங்கிலீஷில் பி.ஏ. படித்துவிட்டு வீட்டில் இருந்தவர். அவர் பெண்ணும் இதே பரீட்சை எழுதுவதால், இரண்டு பேரும் சேர்ந்தே படிக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன காரணம் இருந்தது? திருமுல்லைவாயிலிலிருந்து ஆவடி இரண்டாவது ஸ்டேஷன். முதல் நாள் நானே கொண்டுபோய் விட்டேன். வாசலில் செம்பருத்தி, உள்ளே அலமாரி நிறையப் புத்தகம். என்னை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். தினமும் இங்கிலீஷ் பேப்பர் தலையங்கம் ஒன்று படிக்க வைக்கப்போவதாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன், தலையங்கம் என்றால் பேப்பரில் எந்தப் பக்கம் வரும் என்றுகூடத் தெரியாமல்.

ஒரே மாதத்தில் மார்க் ஐம்பத்திரண்டுக்கு வந்தது. அப்புறம் ஐம்பத்தெட்டு. சந்தோஷப்பட்டேனா என்றால், பட்டேன். ஆனால் அந்த ஐம்பத்தெட்டை நான் திருத்தவில்லை. ஞாயிறு பரீட்சை குவார்ட்டர்ஸுக்கே போய்விட்டது. இந்தப் பெண் தாளை அந்தப் பெண் திருத்துவதும், அந்தப் பெண் தாளை இந்தப் பெண் திருத்துவதுமாக அங்கே ஒரு ஏற்பாடு. ஆறு மணிக்கு மகள் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே மார்க்கைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். சிவப்புப் பேனா டிவி மேலேயே கிடந்து காய்ந்துபோயிற்று.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பேச்சும் மாற ஆரம்பித்தது. ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட்டேன். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் "இந்தா வாரேன், சாப்பிடுதேன்" என்றாள். தட்டை டங்கென்று வைத்தேன்.

"இன்னாடி அது, சாப்பிடுதேன்? இந்த ஊட்ல யாரு அப்டி பேசறாங்க?"

அவள் சிரித்தாள். விளையாட்டுக்காம். ஆன்ட்டி அப்படித்தான் பேசுவார்களாம், கேட்க நன்றாக இருக்குமாம். 'இங்க வா' என்று நான் கூப்பிட்டால்கூடக் காதில் வாங்காதவள், இன்னொரு வீட்டுப் பேச்சை வாயில் போட்டுக்கொண்டு வருகிறாள்.

ஆன்ட்டி சொன்ன ஒரு யோசனைதான் மார்க்கை ஏற்றியது என்று மகளே சொன்னாள். கேள்விகளை வரிசையாக எழுத வேண்டியதில்லை. நீளமான பத்தி ஒன்று புரியாவிட்டால் அதோடு மல்லுக்கட்டாமல் அப்படியே தாண்டிப் போக வேண்டும். கடைசியில் வரும் கணக்கு அவளுக்கு நன்றாக வரும், முதலில் அதை முடித்துவிட வேண்டும். நேரம் இருந்தால் விட்டதற்குத் திரும்பலாம், இல்லாவிட்டால் வெறுமனே விட்டுவிடலாம். இது ஒன்று. இன்னொன்று, தப்பு நோட்டு. தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி எழுதி, எதிரே ஏன் தப்பாயிற்று என்று காரணம் எழுத வேண்டும். இப்படிச் செய்து அறுபத்தொன்பது வரை வந்துவிட்டாள்.

வெறுமனே விடுவதா? நான் ஒன்பதாவதில் நின்றதே அதனால்தான். முழுப்பரீட்சைக் கணக்குத் தாளில் மூன்று பக்கத்தை வெறுமனே விட்டுவிட்டுத் தாளைக் கொடுத்தேன். எதையாவது கிறுக்கியிருந்தால்கூடப் போனால் போகிறதென்று பாஸ் போட்டிருப்பேன் என்று டீச்சர் தாளைத் தூக்கிக் காட்டி எல்லார் முன்னாலும் சொன்னார். பெயிலானதும், படித்தது போதும் என்று வீட்டில் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மூன்று வெள்ளைப் பக்கமும் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

இது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. மகளை முன்னால் உட்கார வைத்து அன்று நான் பேசியதில் பாதிதான் பயம். மீதி, அந்த அம்மா சொன்னதை இவள் கேட்கிறாளே, நான் சொன்னால் கேட்பாளா பார்க்கலாம் என்ற வீம்பு. அவள் கையை எடுத்து என் தலையில் வைத்துக்கொண்டேன்.

"என் மேல சத்தியம் பண்ணு. வரிசையாத்தான் எழுதுவேன், ஒண்ணையும் தாண்ட மாட்டேன், ஒண்ணையும் வெத்தா வுட மாட்டேன்னு சொல்லு."

இதெல்லாம் எதற்கு என்று முதலில் சிணுங்கினாள். நான் கையை விடவில்லை. கடைசியில் சொன்னாள். அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் அறுபது. அதற்கடுத்த வாரம் ஐம்பத்தேழரை. மகள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன்: உன் குவார்ட்டர்ஸ் ஆன்ட்டி சொல்லிக் கொடுத்தும் மார்க் இறங்குகிறதே என்று மனதுக்குள் ஒரு மூலையில் திருப்தியாகக்கூட இருந்தது. காரணம் நான்தான் என்பது எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றும்போதெல்லாம் வேறு ஏதாவது கவலையை எடுத்து வைத்துக்கொண்டேன். கவலைக்கா என்னிடம் பஞ்சம்?

பரீட்சைக்கு ஐந்து வாரம் இருக்கும்போது குவார்ட்டர்ஸ் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸில் இருந்தாள். மாடிப்படி ஏறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் குடித்தார். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒங்க பிள்ள கெட்டிக்காரில்லா. எந்தப் பத்தியத் தாண்டணும்னு அவளுக்கு நல்லாத் தெரியும். இப்பம் ஒண்ணக் கூட விடமாட்டேங்கா. கணக்குக்கு வரும்போது மணி அடிச்சிருது. கேட்டா வாயே தொறக்கல. வீட்டுல எதும் மனக்கஷ்டமாக்கா?"

அப்படியெல்லாம் ஒன்றும் இல்லையே என்றேன். அவர் நோட்டைப் பிரித்து என் பக்கம் திருப்பி வைத்தார். பிள்ளைகளின் நோட்டை அவர் வாரம் ஒரு முறை பார்ப்பாராம். பக்கம் முழுக்க மகளின் சின்னச் சின்ன இங்கிலீஷ் எழுத்து. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு, நேரமில்லாமல் விட்ட கடைசிக் கணக்குக் கேள்விகளின் எண்களுக்கு எதிரே, காரணம் எழுதும் இடத்தில், அந்தப் பக்கத்தின் ஒரே தமிழ் வார்த்தை கண்ணில் பட்டது. 'அம்மா'. அதற்குக் கீழே வரிசையாக, மேலே உள்ளதேதான் என்று காட்டப் போடும் இரண்டு சின்னக் கோடு. ஒன்று, இரண்டு என்று என் விரல் தானாக இறங்கியது. ஒன்பது இருந்தது.

கம்பெனியில் எத்தனை சட்டைக்கு அம்புக்குறி ஒட்டியிருப்பேன். என் மேல் ஒட்டி அன்றுதான் பார்த்தேன்.

அதற்கு மேல் அவர் என்ன ஏது என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அதற்கு வார்த்தைகூட நாக்கில் தயாராக இருந்தது. நோட்டை மூடி வைத்துவிட்டு, படிக்கட்டில் விளக்கு போடச் சொல்லி ஹவுஸ் ஓனரிடம் சொல்லுங்கள், இருட்டாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மகள் வந்ததும் அந்தச் சத்தியத்தை விட்டுவிடு என்றேன். அவள் உடனே சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள்.

"வுட்டா உனக்கு எதுனா ஆயிட்சின்னா?"

பதினேழு வயது. உலகத்துச் சட்டமெல்லாம் பேசுவாள். என் தலையில் கை வைத்ததை அத்தனை வாரமும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். மார்க் போனாலும் பரவாயில்லை, அம்மா போய்விடக் கூடாது என்று. அவளைத் தெருமுனை அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனேன். சூடம் ஏற்றி, அது தானாக அணைகிற வரைக்கும் இரண்டு பேரும் நின்றோம். அணைந்ததும், கொடுத்த சத்தியத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன், இனிமேல் என்னை ஒன்றும் செய்யாது என்று சத்தமாகச் சொன்னேன். சத்தியத்தை அப்படிக் கழிக்கலாமா என்று எந்தச் சாத்திரத்திலும் நான் கேட்டதில்லை. பூசாரி ஒரு மாதிரி பார்த்தார். மகளுக்கு அது போதுமானதாக இருந்தது.

அதற்கப்புறம் அறுபத்தெட்டு, எழுபத்திரண்டு, எழுபத்தைந்தரை. ஒவ்வொரு ஞாயிறும் அந்த மார்க்கை எனக்கு முன்னால் அவர் பார்த்தார். பொறாமை என்ன சத்தியமா, சூடம் ஏற்றிக் கழிக்க?

ரிசல்ட் வந்த நாள் எனக்கு ஷிப்ட். கம்பெனிக்குள் போனை எடுத்துப்போக விடமாட்டார்கள், லாக்கரில் வைக்க வேண்டும். ஐந்தரை மணிக்கு எடுத்துப் பார்த்தால் மகளிடமிருந்து பதினொரு அழைப்பு. கூப்பிட்டேன். எண்பத்தொன்றே கால். ஏதாவது ஒரு சட்டக் கல்லூரியில் இடம் நிச்சயம் என்றாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தாள். ஆன்ட்டியிடம் சொன்னாயா என்று கேட்டேன். மதியமே சொல்லிவிட்டாளாம். அந்தச் சந்தோஷத்திலும் ஒரு சின்ன முள் குத்தத்தான் செய்தது. அவர் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்றேன். மகள் குரல் இறங்கியது. அறுபத்தாறாம்.

அன்று சாயங்காலமே, ஸ்வீட் வாங்கிக்கொண்டு போவதா வேண்டாமா என்று ஆவடி ஸ்டேஷன் வாசலில் கால் மணி நேரம் நின்றேன். கடைசியில் வெறுங்கையோடு போனேன். குவார்ட்டர்ஸ் அம்மா கதவைத் திறந்தார். வாங்கக்கா என்றார். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"பிள்ளைக்கு எவ்வளவு வந்துருக்கு?"

சொன்னேன். சேலைத் தலைப்பால் மேசையைத் துடைத்தார். எந்த ஊர்க் கல்லூரி கிடைக்கும், ஹாஸ்டலில் விடுவீர்களா என்றெல்லாம் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார்.

"எவ்வளவுன்னு சொன்னிய?"

மதியமே தெரிந்த மார்க். அதை ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று, ஒரு வருடம் அதே எரிச்சலில் கிடந்த எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முதலில் ஒரு கணம், ஒரே கணம், எனக்கு இனித்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. பிறகு உள்ளறைக் கதவைப் பார்த்தேன். அதற்குப் பின்னால் சத்தமே இல்லை.

"எண்பத்தொண்ணே கால்" என்றேன். "பெரிய பத்தி ஒண்ணு வந்துச்சாம். பார்த்த ஒடனே தாண்டிட்டாளாம். நீங்க சொல்லிக் குடுத்ததுதான். நான்தான் நடுவுல கெடுத்தேன்."

ஒரு வருடமாக என் வாயிலிருந்து வராத பேச்சு. அவர் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். போகிற வழியில் உள்ளறைக் கதவை இரண்டு தட்டுத் தட்டி, பெரியம்மா வந்திருக்கிறார்கள், முகத்தைக் கழுவிவிட்டு வெளியே வா என்று கூப்பிட்டார்.