மாஸ்டர் எந்தப் பக்கம்?

பௌர்ணமி நெருங்கினாலே நான் காலண்டரைத் திட்ட ஆரம்பித்துவிடுவேன். ஊரே மலையைச் சுற்றும்போது நான் மட்டும் ஒரு மருத்துவமனையின் சர்வர் ரூமில் ரவுட்டரைச் சுற்றிக்கொண்டிருப்பேன்.

இந்த நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கிரிவலப் பாதையின் ஒரு பக்கம் மருத்துவமனை, எதிர்ப்பக்கம் அவர்களுடைய ஸ்கேன் சென்டர். பக்கத்துக்கு ஒரு ரவுட்டர், தனித்தனி இன்டர்நெட் லைன். சாலைக்குக் குறுக்கே கேபிள் இழுக்க அனுமதி கிடைக்கவில்லை. அதனால் இரண்டு கட்டடத்தின் முதல் மாடியிலும் ஆன்டெனா வைத்து ஒயர்லெஸ்ஸில் இணைத்திருந்தேன். மருத்துவமனை ரவுட்டர்தான் மாஸ்டர்; மாஸ்டராக இருக்கும் ரவுட்டரின் லைன் வழியாகத்தான் இரண்டு கட்டடத்து ஃபைல்களும் வெளியே போகும். அது ‘நான் இருக்கேன்’ என்று நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டிருக்கும். அந்தக் குரல் நின்றால் எதிர்ப்பக்கத்து ரவுட்டர் தானே மாஸ்டராகிவிடும். குரல் திரும்பினால் மறுபடி பேக்கப் ஆகிவிடும்.

சாதாரண நாளில் ப்ளக்கைப் பிடுங்கிச் சோதித்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கும். பௌர்ணமி சாயங்காலம் மட்டும் இரண்டுக்கும் பேய் பிடித்துவிடும். ரவுட்டரின் பதிவான லாகைத் திறந்தால் மாஸ்டர், பேக்கப், மாஸ்டர், பேக்கப் என்று மூச்சு விடாமல் ஓடும். ஒவ்வொரு தடவை மாறும்போதும் போய்க்கொண்டிருக்கும் ஃபைல் பாதியில் அறுந்துவிடும். ஃபர்ம்வேர் மாற்றினேன். ஆன்டெனா மாற்றினேன். கூட்டத்தின் செல்போன்கள் மீது பழி போட்டு சேனலையும் மாற்றினேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் இரண்டும் பச்சை விளக்கோடு சாதுவாக உட்கார்ந்திருக்கும். எனக்கு எரிச்சலில் அழுகையே வரும். மருத்துவமனையின் சொந்தக்காரரான டாக்டர், “உங்க ரவுட்டரும் விரதம் இருக்குதா?” என்று கேட்டு வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவார்.

அந்தப் பௌர்ணமியன்று கிண்டலுக்கு இடமில்லாமல் போயிற்று.

கிரிவலம் வந்த ஒருவர், கீழ்பென்னாத்தூரில் மணிலாக்கொட்டை வியாபாரம் செய்பவர், நடக்கும்போதே கை கால் இழுத்துக்கொண்டு விழுந்துவிட்டார். தலையை ஸ்கேன் எடுத்தாயிற்று. அடைப்பா, ரத்தக்கசிவா என்று சென்னையிலுள்ள நரம்பு டாக்டர் படத்தைப் பார்த்துச் சொன்னால்தான் ஊசி போட முடியும். நேரம் கடந்தால் அந்த ஊசியால் பயனில்லை. படம் ஸ்கேன் கம்ப்யூட்டரிலிருந்துதான் போக வேண்டும். செல்போனில் அனுப்பலாமென்றால் கூட்டத்தில் டவர் திணறிக்கொண்டிருந்தது.

படம் பாதி போகும், அறுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. குழப்பத்தில் நான் எதிர்ப்பக்கத்து ரவுட்டரையே அணைத்துவிடச் சொன்னேன். கால்வாசிகூடப் போகவில்லை. திரும்பப் போடச் சொன்னேன். விழுந்தவருடைய மனைவி சர்வர் ரூம் வாசலில் நின்று, “படம் போயிடுச்சா தம்பி?” என்று கேட்டார். நான் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

எந்த ரவுட்டரில் மாஸ்டர் விளக்கு எரிகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. ஸ்கேன் டெக்னீஷியன் சங்கீதாவுக்குப் பல தடவை முயன்று லைன் கிடைத்தது.

“மாஸ்டர் இப்ப எந்தப் பக்கம் இருக்கு, பாத்து சொல்லும்மா.”

“மாஸ்டர் வெளிய பந்தல்ல நிக்கறாரு சார். காத்து ஜாஸ்தியா இருக்குது, போர்டு ஆடுதுன்னு ஏணி மேல ஏறிட்டிருக்காரு.”

அவள் சொன்னது, டாக்டர் பௌர்ணமிதோறும் போடும் அன்னதானப் பந்தலின் சமையல் மாஸ்டரை. தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் ‘போர்டு ஆடுது’ என்றது காதில் ஒட்டிக்கொண்டது. என்ன போர்டு என்று கேட்டேன்.

“நம்ம அன்னதானப் போர்டுதான் சார். நம்ம ஜன்னலுக்கு நேரா.”

கூட்டத்துக்குப் பயந்து பௌர்ணமியன்று நான் பின்வாசல் வழியாகவே வந்து போகிறவன். அன்றுதான் முன்பக்க ஜன்னலைத் திறந்தேன். சாலைக்கு மேல் இரும்பு வளைவு, அதில் கயிற்றில் தொங்கும் பெரிய தகரப் போர்டு, அதில் டாக்டருடைய பெயர், படம், சாம்பார் சாத அன்னதான அறிவிப்பு. காற்றடிக்கும்போதெல்லாம் அது என் இரண்டு ஆன்டெனாக்களுக்கு நடுவே வந்து வந்து போனது. அது மறைக்கும் போதெல்லாம் அந்தப் பக்கத்து ரவுட்டர் இந்தப் பக்கம் செத்துவிட்டதென்று நினைத்திருக்கிறது. மறுநாள் காலையில் நான் வருவதற்குள் பந்தலையே பிரித்துவிடுவார்கள்.

டாக்டரைக் கையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்து வந்தேன். இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். அவர் போர்டில் தன் முகம் ஆடுவதைப் பார்த்தார்.

“மாஸ்டரு, அத்த அறுத்துப் போடுங்க” என்று கத்தினார்.

ஏணியில் இருந்த மாஸ்டர் கூட்டத்தை விலகச் சொல்லி, கீழிருந்து காய் நறுக்கும் கத்தியை வாங்கிக் கயிற்றை அறுத்தார். லாகின் ஓட்டம் அப்படியே நின்றது. படம் முழுதாகப் போயிற்று. அடைப்புதான் என்று சென்னையிலிருந்து பதில் வந்ததும் ஊசி போட்டார்கள்.

முழுதாகச் செத்த லைனை யார் வேண்டுமானாலும் கண்டுபிடிப்பார்கள். விட்டு விட்டு உயிர் வரும் லைன்தான் ஆளைக் கொல்லும். ப்ளக்கைப் பிடுங்கிப் பார்த்ததோடு சோதனை முடிந்துவிட்டதென்று நினைக்காதீர்கள். இரண்டு ரவுட்டருக்கும் நடுவில் என்ன இருக்கிறதென்று, அது வேலை செய்ய வேண்டிய நாளிலேயே எழுந்து போய்ப் பாருங்கள்.

அடுத்த வாரம் போனபோது அந்த அம்மா வார்டு வாசலில் என்னை அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே அவருடைய கணவர் தட்டுத்தடுமாறித் தன் கையாலேயே டம்ளரைப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

“படம் போயிடுச்சு தம்பி” என்றார் அந்த அம்மா.