பத்தாவது குதிரை

ஐயனார் கோயில் வாசலில் நிற்கும் சிமெண்டுக் குதிரையின் தோளில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து, அதன் கீழே ‘ட்ரபீசியஸ்’ என்று எழுதுகிறார் சிவபிரகாஷ். எழுதிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தைத் தடவிப் பார்க்கிறார். பிறகு விலாப்பக்கம் நகர்ந்து அடுத்த தசையின் பெயரை எழுதுகிறார். தினமும் காலை ஆறிலிருந்து ஏழு வரை இதுதான் பாடம். ஒரு வெள்ளிக்கிழமை யாரோ ஒரு புண்ணியவதி அதை மந்திரம் என்று நினைத்து, ட்ரபீசியஸுக்குக் குங்குமம் வைத்து, கீழே எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டுப் போயிருந்தார். பூசாரி அதற்கெல்லாம் கோபப்படவில்லை. “எழுதுறதுன்னா எழுதுங்க தம்பி. செருப்ப மட்டும் அங்கிட்டுக் கழட்டிட்டு வந்து எழுதுங்க” என்றார்.

கீரமங்கலத்தில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர் இவர். வயது முப்பத்தெட்டு. பதினோரு வருடம் கத்தாரில் ஒரு குதிரை லாயத்தில் லத்தி அள்ளினார். அங்கே வாரம் ஒருமுறை ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்து குதிரைகளுக்கு மசாஜ் செய்வாராம். “பதினோரு வருசமா அதே குதிரைக்குப் பக்கத்துலதாண்ணே நானும் நின்னேன். எவனும் என்னை ஏன்னு கேக்கலை. அந்தம்மா ரெண்டு தடவு தடவுனா மொதலாளியே ஓடிவந்து கார் கதவத் தொறக்குறாரு. என்ன விசயம்னு விசாரிச்சா, சர்டிபிகேட்டுங்கிறாங்க.”

ஊருக்குத் திரும்பியதும் அதையே ஆன்லைனில் படிக்கச் சேர்ந்துவிட்டார். பாடம் நடத்துகிறவர்கள் ஏதோ ஒரு குளிர் தேசத்தில் இருக்கிறார்கள். சான்றிதழ் இன்னும் வரவில்லை. ஆனால் கூடத்தில் அதற்கு ஆணி அடித்தாயிற்று. வெளிச்சம் நன்றாக விழும் இடம் வேண்டுமென்று மாமனார் படத்தைக் கதவு மூலைக்குத் தள்ளி மாட்டியிருக்கிறார்.

மசாஜ் படிக்கிறார் என்ற செய்தி பரவியதும் தெருவில் கழுத்துச் சுளுக்கு, இடுப்புப் பிடிப்பு எல்லாம் அவர் வாசலுக்கு வந்தன. யாரையும் அவர் தொடவில்லை. “மனுசருக்கு நான் படிக்கலைங்க. குதிரைன்னா கொண்டாங்க” என்பார். அவர் மனைவி சத்யா, நாள் முழுக்கத் தையல் மிஷினில் குனிந்து முதுகு போனவர், ஒருநாள் கேட்டுப் பார்த்தார். அவருக்கும் அதே பதில்தான். “நாலு காலோட பொறக்காதது என் தப்புதான்” என்று சத்யா உள்ளே போய்விட்டார்.

படிப்பு முடிய, பத்துக் குதிரைகளுக்குச் செய்து காட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஐம்பது நிமிடம், இரண்டு பக்கமும் சமமாக. முடிந்ததும் சொந்தக்காரர் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். இங்கேதான் சிவபிரகாஷ் மாட்டிக்கொண்டார். நம் மாவட்டத்தில் குதிரை வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் எல்கைப் பந்தயத்துக்காக, அதாவது ரோட்டில் குதிரை வண்டி ஓட்டும் போட்டிக்காக, வைத்திருப்பவர்கள். கொள்ளு வைக்கும்போதுகூடப் படுதாவை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். வெளியாள் கை பட்டால் செய்வினை என்பார்கள். போட்டிக்காரன் அனுப்பிய ஆள் என்பார்கள். சிவபிரகாஷ், மாப்பிள்ளை ஊர்வலக் குதிரை, கிழட்டுக் குதிரை, பந்தயத்துக்கு லாயக்கில்லாத மட்டக்குதிரை என்று தேடித் தேடி ஒன்பது சேர்த்தார். படிவத்தில் ‘குதிரையின் மனநிலையில் தெரிந்த மாற்றம்’ என்று ஒரு கேள்வி உண்டு. ஒருவர் எழுதியிருந்த பதிலை நான் பார்த்தேன்: ‘அதுகிட்டக் கேட்டுச் சொல்றேன்.’

பத்தாவதுதான் கிடைக்கவில்லை. கெடு முப்பதாம் தேதியோடு முடிகிறது. அதற்குள் அனுப்பாவிட்டால் ஒன்பது குதிரையும் வீண். மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். கடைசியில் கறம்பக்குடி சோலையப்பன் சம்மதித்தார். அவருடைய செம்பருத்தி ஆறு பந்தயத்தில் ஆறிலும் கடைசியாக வந்த குதிரை. “இதுக்கு மேல இதைக் கெடுக்க ஒருத்தன் பொறந்து வரணும். வாங்க தம்பி, தாராளமாத் தடவுங்க” என்றார். ஆனால் அவர் வரச் சொன்ன நாள் முப்பதாம் தேதி. அன்று காலை பந்தயம்.

வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். சாலையோரப் புளியமரத்தடியில் வேலை நடந்தது. பொய் சொல்லக் கூடாது, செம்பருத்தியின் கண்கள் சொக்கிப்போய்க் கீழுதடு தொங்கிவிட்டது. வலது பக்கம் முடிந்து சிவபிரகாஷ் கையைத் துடைக்கும்போது மைக் அலறியது: “சின்னக் குதிரை வண்டிகள் உடனடியாகக் கொடிக்கு வரவும்!”

“அண்ணே, பாதியில விடக் கூடாதுண்ணே. இன்னொரு பக்கம் அப்படியே கெடக்கு” என்று கெஞ்சினார். சோலையப்பன் கேட்கவில்லை. பூட்டி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

கொடி இறங்கியது. செம்பருத்தி தன் ஆயுளில் முதல்முறையாக முன்னால் பாய்ந்தது. ஆனால் வலது கால்கள் தாராளமாக எட்டிப்போட, இடது கால்கள் பழையபடி இழுத்துப்பிடிக்க, வண்டி இடது பக்கமாகவே வளைந்தது. சோலையப்பன் கயிற்றை இழுத்த இழுப்பெல்லாம் வீண். சாலையை விட்டு இறங்கி, கடலைக் கொல்லைக்குள் போய், ஒரு முழு வட்டம் அடித்துவிட்டு நின்றது. கட்டுமாவடி அறிவுச்செல்வனின் குதிரை முதலாவதாக வந்தது.

சிவபிரகாஷுக்கு அடி விழப் போகிறது என்றுதான் நினைத்தேன். சோலையப்பன் குதிரையைப் பிடித்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். முகத்தில் கோபம் இல்லை. வேறு ஏதோ இருந்தது.

“தம்பி, இது நெசமாவே வேலை செய்யுதுய்யா” என்றார் மெதுவாக. “படிவத்தக் கொடு. கையெழுத்துப் போடுறேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் செய். அடுத்த பந்தயத்தன்னைக்கு அந்தக் கட்டுமாவடிக் குதிரைக்கு ஒரு பக்கம் மட்டும் தடவி விட்டுரு. எந்தப் பக்கம்னு ரோட்டப் பாத்து நான் சொல்றேன். அறிவுச்செல்வன்கிட்ட நானே பேசி உன்னை உள்ள விடச் சொல்றேன்.”

படிவம் அதற்குள் சோலையப்பன் தொடையில் விரிந்துவிட்டது. பேனாவும் திறந்தாயிற்று. சிவபிரகாஷ் படிவத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சரி என்று சொல்லிக் கையெழுத்தை வாங்கிவிடப்பா, பிறகு யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் துடித்தது.

“சரின்னு ஒரு வார்த்தை சொல்லு தம்பி” என்றார் சோலையப்பன்.

“ஒரு பக்கம் மட்டும் தடவ நான் படிக்கலைண்ணே. கொஞ்சம் நகருங்க. இது ஒருபக்கமாச் சாஞ்சு நிக்குது, வலிக்கும்” என்றார் சிவபிரகாஷ்.

பிறகு, குதிரை தன்னைப் பார்க்கும்படி அதன் முகத்துக்கு முன்னால் நடந்து மறுபக்கம் போனார். உள்ளங்கைகளைச் சூடு பறக்கத் தேய்த்து, செம்பருத்தியின் இடது தோளில் வைத்தார்.