நல்லதாகப் பார்த்துக் கொடுங்கள்

கல்வராயன் மலையில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் மலத்தை வாங்கி வருவதுதான் அப்போது என் வேலை. குடலில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிய ஆராய்ச்சி. வெள்ளிமலையில் ஜீப் ஏறி, ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சியில் இறங்கினால், ஆராய்ச்சி டாக்டர் காத்துக்கொண்டிருப்பார். தண்ணீராக இருப்பது வழியில் கசிந்து பெட்டி நாறினால் எனக்குத்தான் திட்டு விழும். அதனால் நீல மூடி டப்பாவை நீட்டும்போதே தாய்மார்களிடம் சொல்லிவிடுவேன், நல்லதாகப் பார்த்துக் கொடுங்கள் என்று. அந்த வாயைத் தைத்திருக்க வேண்டும்.

ஒரு வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தைக்குப் பத்து நாளாக வயிற்றுப்போக்கு. டப்பாவில் கிருமி தெரிந்தால் டாக்டர் மருந்து தருவார் என்று அவள் அம்மாவுக்கு நான்தான் நம்பிக்கை சொன்னேன். மறுநாள் டப்பா வந்தது, கெட்டியாக, கசியாமல். பேதியாகிற பிள்ளைக்கு இது எப்படி என்று எனக்கு உறைக்கவே இல்லை. பெட்டி நாறவில்லை என்று சந்தோஷப்பட்டேன். கிருமி இல்லை என்று முடிவு வந்தது. மலைக் குழந்தைகளுக்குத் தங்கமான குடல், எல்லாம் சாமையும் தினையும் செய்கிற வேலை என்று டாக்டர் வந்தவர் போனவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். மருந்து வேண்டாமாம் என்று மலையேறிப் போய்ச் சொன்னவளும் நானே.

அடுத்த வாரம் அந்தக் குழந்தை கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கண் செருகிக் கிடந்தாள். கையில் நரம்பு கிடைக்காமல் காலில் குளுக்கோஸ் ஏற்றியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் அம்மா எழுந்து நின்றாள்.

"தப்பு எம்மேலதாங்க்கா. நல்லதா குடுக்கச் சொன்னீங்க. எம்புள்ளைக்குத் தண்ணியா போய்க்கினு இருந்துச்சி. அத்தப் போயி படிச்சவங்களுக்கு எப்பிடிக் குடுக்கறது? பக்கத்து வூட்டுப் புள்ளையோடத வாங்கிக் குடுத்துட்டேன்."

வந்தவர்களுக்குப் பொறுக்கி எடுத்துக் காய் கொடுப்பதுபோலக் கொடுத்திருக்கிறாள். கொடுத்துவிட்டு என்னிடமே மன்னிப்பும் கேட்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது, முதலில் என்மேல்தான்.

டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"கட்டுரை முடிஞ்சாச்சும்மா. ஒரு டப்பாதானே, விடு."

ஒரு டப்பா என்று இவருக்கு யார் சொன்னது? நல்லதாக என்ற அந்த வார்த்தையை நான் ஒரு வீடு விடாமல் சொல்லியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். குழந்தைக்கு மறுபடியும் போயிருந்தது, சளியும் ரத்தமுமாக. துணியிலிருந்து என் கையாலேயே நீல மூடி டப்பாவில் வழித்து எடுத்தேன். மூடியை இறுக்கவில்லை. கொண்டுபோய் அவர் மேசையில் கிடந்த கட்டுரையின் மேலேயே வைத்தேன். அது காகிதத்தில் மெல்லக் கசிந்து பரவியது.

"இது நல்லதா இல்ல டாக்டர். இதுதான் அந்தப் புள்ளையோடது."

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பரிசோதனைக்கு அதை அவரே எடுத்துக்கொண்டு போகும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை.