மாயம்மாளுக்கு விழுந்த இருபத்திரண்டு ஓட்டு

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கில் இருபத்தேழு வருஷமாகச் சுக்குப் பொறுக்கிக்கொண்டிருக்கும் மாயம்மாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணிக்குத் தன் கட்சியின் மண்டலத் தலைவராகிவிட்டாள். அவளைத் தலைவராக்க வேண்டும் என்று அந்தக் கட்சியில் ஒருவருக்கும் எண்ணம் இருந்ததில்லை. சத்தியமாக அவளுக்கும் இல்லை.

எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். தோற்ற கட்சி, அது போதும். தொடர்ந்து மூன்று தேர்தலில் தோற்றிருந்தார்கள். முதல் தடவை தோற்றபோது எதிரிக்கு அலை வீசியது என்றார்கள். இரண்டாம் தடவை, ஓட்டுப்போடும் அன்றைக்கு மழை என்றார்கள். மூன்றாம் தடவை சொல்வதற்கு ஒன்றும் அகப்படாததால் தலைவரை மாற்றிவிடலாம் என்று முடிவுக்கு வந்தார்கள். பழைய தலைவர் நல்ல மனிதர், ஓட்டு எண்ணிக்கை அன்று மத்தியானமே அவருக்கு மூட்டுவலி வந்து ராஜினாமா செய்துவிட்டார்.

நாற்காலிக்கு இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் வெங்கிட்டு, வக்கீல். கோர்ட்டுப் பக்கம் போய் வருஷக்கணக்காகிவிட்டாலும் கறுப்புக் கோட்டைக் காரின் பின்சீட்டில் தொங்கவிட்டிருப்பார். இன்னொருவர் நௌஷாத், மிளகு வியாபாரி. இரண்டு பேர் வீட்டிலும் பேச்சு தமிழ், மேடையில் மலையாளம். இருவருக்கும் ஆளுக்கொரு கோஷ்டி. ஒரு கோஷ்டிக்காரன் சாயா குடித்த கடையில் மற்றவன் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். தேர்தலில் எதிர்க்கட்சியைத் தோற்கடிக்க இவர்கள் பட்ட பாட்டைவிட ஒருவரையொருவர் தோற்கடிக்கப் பட்ட பாடு அதிகம், அதில் இரண்டு பேருமே வெற்றி பெற்றிருந்தார்கள்.

மாயம்மாள் எந்தக் கோஷ்டியும் இல்லை. அவள் தொண்டைதான் கட்சிக்கு வேண்டியிருந்தது. ஊர்வலத்தில் அவள் ஒரு ஜிந்தாபாத் போட்டால் படகுத்துறை வரைக்கும் கேட்கும். இருபத்து நாலு வயதில் ரேஷன் கார்டுக்குக் கையெழுத்து வாங்கக் கட்சி ஆபீசுக்குப் போனவள், கார்டு கிடைத்த நன்றிக்கு அப்படியே உள்ளே இருந்துவிட்டாள். வார்டு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டபோது எல்லோரும் அடுத்த கவுன்சிலர் மாயம்மாள்தான் என்றார்கள். சீட்டு வெங்கிட்டுவின் மைத்துனிக்குப் போயிற்று. அடுத்த தடவை நௌஷாதின் மச்சான் பெண்டாட்டிக்கு. இரண்டு தடவையும் மாயம்மாளைக் கூப்பிட்டு, நீங்கள் விட்டுக்கொடுப்பதால்தான் கட்சி நிற்கிறது என்று சொல்லி ஒரு பதவி கொடுத்தார்கள். முதலில் மகளிர் பிரிவு இணை ஒருங்கிணைப்பாளர், பிறகு மொழிச் சிறுபான்மைப் பிரிவு துணை அமைப்பாளர். இத்தனை பெரிய பேருக்கு ஆபீசில் உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. அவள் புருஷன் இசக்கிராஜா ஆட்டோ ஓட்டுகிறவன், எதிர்க்கட்சி யூனியன்காரன். அவன் இதைச் சொல்லிச் சிரிக்காத நாள் இல்லை.

இந்தத் தடவை மேலிடம் ஒரு புதுமை செய்தது. கோஷ்டி பேசி ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கிற கூத்தெல்லாம் வேண்டாம், ரகசிய ஓட்டு நடக்கட்டும், மூன்று பேராவது நிற்கட்டும், அதில் ஒரு பெண் இருக்கட்டும் என்று திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பார்வையாளரை அனுப்பியது. மூன்றாவதாக யாரை நிறுத்துவது என்று கேட்டவுடன் இரண்டு கோஷ்டியும் ஒரே வாயாக மாயம்மாள் என்றன. அவளுக்கு ஓட்டு விழாது என்பதில் இரண்டு தரப்புக்கும் அவ்வளவு நம்பிக்கை. மாயம்மாளும் சரி என்றாள். டம்மி என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்து நிற்பதற்கு என்ன கஷ்டம்?

கமிட்டியில் நாற்பத்தைந்து பேர் ஓட்டுப் போட்டார்கள். இங்கேதான் அந்த வேடிக்கை நடந்தது. வெங்கிட்டு கோஷ்டியில் பாதிப் பேருக்கு வெங்கிட்டுவைப் பிடிக்காது. அவரிடம் சொல்ல முடியுமா? நௌஷாத் கூடாரத்திலும் இதே கதை. ஒவ்வொருவனும் தட்டி மறைவில் நின்று, நம் ஆள் எப்படியும் ஜெயிக்கப்போகிறார், என் ஒரு ஓட்டு போனால் குடியா முழுகிவிடும், கொஞ்சம் ஆட்டம் காணட்டும் என்று நினைத்து மாயம்மாள் பேரை எழுதினான். இந்த யோசனை தனக்கு மட்டும் வந்ததாக ஒவ்வொருவனுக்கும் எண்ணம். எண்ணிப் பார்த்தால் வெங்கிட்டுவுக்குப் பதினொன்று, நௌஷாதுக்குப் பன்னிரண்டு, மாயம்மாளுக்கு இருபத்திரண்டு. இதில் மாயம்மாளின் ஓட்டு கிடையாது. தன் பேரைத் தானே எழுத வெட்கப்பட்டு அவள் நௌஷாதுக்குப் போட்டிருந்தாள்.

பார்வையாளருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. யாரும் சுதாரிப்பதற்குள் முடிவை அறிவித்து, அவள் கழுத்தில் மாலை போட்டு, டிவிக்காரர்களிடமும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு பெண், ஒரு தொழிலாளி, ஒரு தமிழ்க்காரி! மேலிடத்துக்கு ஏகப்பட்ட சந்தோஷம், உடனே அறிக்கையும் விட்டார்கள். இனி மேலிடத்திடம் போய் அவளை நீக்கச் சொல்ல முடியாது, அவளாகப் போனால்தான் நல்லது.

மாயம்மாள் அன்றைக்கு ராத்திரி மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மறுநாள் காலை கிடங்குக்குப் போனால், வரிசையாக உட்கார்ந்து சுக்குப் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். ஷமீனா தன் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாள். மாயம்மாள் எல்லோரையும் அதட்டி உட்காரச் சொன்னாள். ஆனால் அவளுக்குப் பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், ரொம்பவே பிடித்திருந்தது. ஐம்பத்தொரு வயதில் முதல் தடவையாக ஒன்றை யாருக்கும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

அன்றைக்குப் பதினொரு மணிச் சாயா நேரத்தில் வெங்கிட்டுவும் நௌஷாதும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். ஒரே காரில்! பார்த்தவர்கள் யார் செத்துப்போனது என்று கேட்டார்கள். கஞ்சி போட்ட வெள்ளைக் கதரோடு மூட்டைகளுக்கு நடுவே வந்து நின்ற இருவரும், சுக்குத் தூள் மூக்கில் ஏறி மாறி மாறித் தும்மினார்கள். தும்மலுக்கு நடுவே விஷயத்தைச் சொன்னார்கள். அவள் உடல்நிலை காரணமாக விலகுவதாக ஒரு கடிதம், தட்டச்சு செய்து தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

"மாயம்மா, நான் சொல்றதைக் கேளு. பார்ட்டிக்கு வேண்டியாக்கும் கேக்கறேன்" என்றார் வெங்கிட்டு.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லியே சாமி" என்றாள் மாயம்மாள்.

நௌஷாத் குரலைத் தணித்தார். மாயம்மாளின் மகள் விஷ்ணுப்ரியா பி.காம். படித்துவிட்டு அக்கரையில் உள்ள பிராட்வேயில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். கட்சிக்காரர்கள் கையில் இருக்கும் கூட்டுறவு வங்கியில் கிளார்க் வேலை ஒன்று காலி இருக்கிறது, அக்கா மனசு வைத்தால் அடுத்த மாதமே மகள் அங்கே உட்காரலாம் என்றார். மாயம்மாள் மனசுக்குள் மகளை வங்கி நாற்காலியில் உட்கார்த்திப் பார்த்துக்கொண்டாள். பெற்றவள் வயிறு அல்லவா? கடிதத்தை வாங்கிக்கொண்டு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தாள். அவர்கள் பாதி ஜெயித்த முகத்தோடு தும்மிக்கொண்டே போனார்கள்.

சாயங்காலம் மகளிடம் சொன்னாள். தியாகம் செய்ய அம்மா தயாராக இருப்பதைப் பார்த்து விஷ்ணுப்ரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அந்த பாங்க்ல உள்ளவங்களுக்கே ஆறு மாசமா சம்பளம் இல்லம்மா. துணிக்கடையே மதி எனக்கு, அது போதும்."

மாயம்மாளுக்கு அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. இத்தனை வருஷம் ஏமாற்றினார்கள், சரி. இப்போது லஞ்சம் கொடுப்பதிலும் ஏமாற்றுகிறார்களே! அந்தக் கடிதத்தை நாலாய் மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் ஆடாமல் இருக்க வைத்தாள்.

அவள் விலகமாட்டாள் என்று தெரிந்ததும் கட்சியில் இருபது வருஷமாக நடக்காத ஒன்று நடந்தது. இரண்டு கோஷ்டியும் ஒன்று சேர்ந்தன. ஒரே கடையில் சாயா குடித்தார்கள், ஒரே தட்டில் பழம்பொரி தின்றார்கள். கட்சியை ஒற்றுமைப்படுத்தப் பெரிய பெரிய தலைவர்கள் எல்லாம் வந்து முடியாமல் போனதை, ஒரு சுக்குக்காரி நாற்காலியில் உட்கார்ந்தே சாதித்துவிட்டாள். நம்பிக்கையில்லாத் தீர்மானம் தயாரானது. மாயம்மாளைத் தவிர மீதி நாற்பத்து நாலு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மாயம்மாள் கையெழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். அவளுக்கு ஓட்டுப் போட்ட இருபத்திரண்டு பேரும் இந்த நாற்பத்து நாலுக்குள்தான் இருக்கிறார்கள். மறைவில் அவளுக்குப் போட்டவர்கள், வெளிச்சத்தில் அவளுக்கு எதிராகப் போட்டிருக்கிறார்கள். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, மகளிடம் கட்சியின் விதிப் புத்தகத்தைக் கொடுத்து முதலிலிருந்து வாசிக்கச் சொன்னாள். இருபத்தாறாம் பக்கத்தை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை. நாற்பத்து நாலு பேரும் ஆஜர். விதிப்படி தலைவருக்கு எதிரான தீர்மானம் என்றாலும் கூட்டத்துக்குத் தலைவர்தான் தலைமை. மாயம்மாள் தன்னைப் பற்றி எழுதியிருந்ததைத் தானே எழுத்துக்கூட்டி வாசித்தாள். திறமையின்மை என்ற இடத்தில் கொஞ்சம் தடுமாறி, சரியாக வாசித்தாள். வாசித்து முடித்ததும் நௌஷாத் எழுந்து, ஆதரிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார்.

"கை தூக்க வேண்டா இக்கா. எப்படி ஓட்டெடுக்கணும்னு தலைவர் தீருமானிக்கலாம்னு இருபத்தாறாம் பக்கத்துல இருக்கு. எல்லாருக்கும் ஒரு துண்டுக் கடலாஸ் தரேன். மறைச்சு எழுதுங்க, மடிச்சு இடுங்க" என்றாள் மாயம்மாள்.

வெங்கிட்டு மெதுவாகத் தன் ஆட்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒருவன் ஃபோனைப் பார்த்தான், ஒருவன் கூரையைப் பார்த்தான், ஒருவன் செருப்பைத் தேடினான். நௌஷாதும் தன் ஆட்களைப் பார்த்தார். அங்கேயும் ஒரு கண்கூட அவர் கண்ணைச் சந்திக்கவில்லை. இரண்டு தலைவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்னே தோற்றது ஒரு தடவை, அதைத் தவறி நடந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். கூட்டாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடியும் தோற்றால் ஊரில் எந்த முகத்தோடு நடப்பது? வெங்கிட்டு தொண்டையைச் செருமிக்கொண்டு, கட்சியின் ஒற்றுமையை முன்னிட்டுத் தீர்மானத்தை வாபஸ் பெறுவதாகச் சொன்னார்.

வாபஸ் என்றால் வாயால் சொன்னால் போதாது, கையெழுத்துப் போட்ட எல்லோரும் மறுபடியும் போட வேண்டும் என்றாள் மாயம்மாள். இது இருபத்தாறாம் பக்கத்தில் இல்லை, எந்தப் பக்கத்திலும் இல்லை. யாரும் கேட்கவில்லை. மேஜைமேல் நோட்டைத் திறந்து வைத்தாள். ஒவ்வொருவராக வரிசையில் வந்தார்கள். முதலில் வந்தவன் குனிந்து கையெழுத்துப் போடும்போது அவள் காதருகே, அக்கா, அன்றைக்கு நான் உங்களுக்குத்தான் போட்டேன் என்றான். அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. இரண்டாவது ஆளும் அதையே சொன்னான். மூன்றாவது ஆளும். இருபத்து மூன்றாவது ஆள் வந்து சொன்னபோது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாற்பத்து மூன்றாவதாக நௌஷாத் வந்து, நெஞ்சில் கை வைத்து அதே சத்தியத்தைச் செய்தார்.

கடைசியில் வெங்கிட்டு வந்தார். பேனாவை வாங்கிக்கொண்டு, பின்னால் யாராவது கேட்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"மாயம்மா, ஆரண்டையும் சொல்லாதே. அன்னிக்கு நான்கூட நோக்குத்தான் போட்டேன், கேட்டியா."

"தெரியும் சாமி. இங்க கையெழுத்துப் போடுங்க" என்றாள் மாயம்மாள்.