புதன்கிழமைக் கோழி

லூபிசாவுக்குக் கிழமைகள் கிடையாது. எங்கள் ஊரான கிக்கிந்தாவில் பேருந்து ஓட்டுகிறவன். காலை முறை, மாலை முறை, ஓய்வு என்றுதான் அவன் வாரம் நகரும். மனைவி ஸ்லவாங்கா வீட்டில் இருந்தவரை அதனால் தொல்லை வரவில்லை. வியன்னாவில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவள் போய்விட்டதால், அந்த இலையுதிர் காலத்தில் குடும்பப் புனிதர் பெட்காவின் நாள் விருந்தை அவனே சமைத்தான்.

அவனுக்குத் தெரிந்தது கோழிக் குழம்பு ஒன்றுதான். வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, கோழித் துண்டுகளைப் புரட்டி, காரமில்லாத சிவப்பு மிளகாய்த் தூளைத் தூவினான். கேரட், உருளைக்கிழங்கு, குடைமிளகாய், ஒரு துண்டு பூசணி என்று சந்தையில் கிடைத்ததெல்லாம் உள்ளே போனது. அந்தக் குழம்பு எதையும் ஏற்றுக்கொள்ளும்.

பக்கத்து வீட்டு தெசாங்கா பீன்ஸ் தட்டோடு முதலில் வந்தாள்.

"இந்தா லூபா, இறைச்சி சேர்க்காம வெறும் எண்ணெயில செஞ்சது. புனிதர் நாள் புதன்ல வந்தா நமக்கு இதுதானே விருந்து!"

அவன் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டான். புதனும் வெள்ளியும் நோன்பு, இறைச்சி கூடாது என்பது எங்கள் வீடுகளில் குழந்தைக்கும் தெரியும். வெளியே ஆட்கள் வரும் சத்தம் கேட்டது. கரண்டியால் கோழித் துண்டுகளை ஒவ்வொன்றாக அள்ளி ஒரு பாத்திரத்தில் போட்டு, ஜன்னலுக்கு வெளியே வைத்தான். குழம்பைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டு வந்தான்.

மேசையின் தலைப்பக்கத்தில் வெலிமிர். லூபிசாவின் திருமணத்துக்குச் சாட்சி நின்ற கூம். எங்களிடையே அது ரத்த உறவுக்கும் மேல். தன் மகளின் இதய அறுவைச் சிகிச்சையின்போது, அவள் பிழைத்தால் நோன்பு நாளில் இறைச்சி தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டவர். மகள் இன்று பள்ளி ஆசிரியை. அவர் ஒரு நாளும் தவறியதில்லை. எங்கள் எல்லோருக்கும் தெரியும், லூபிசாவுக்கும்தான்.

"கோழியே இல்லாம இந்த ருசியா?" என்றார் ஓய்வுபெற்ற நடத்துநர் ஷிவ்கோ. "பஸ்ஸை விட்டுட்டு ஏதாவது மடத்துல சமையக்காரனாப் போயிடுடா!"

எல்லோரும் சிரித்தோம். லூபிசாவின் காதுகள் சிவந்திருந்தன. அடுப்புச் சூடு என்று நினைத்தோம்.

வெலிமிர் காலிக் கிண்ணத்தை நீட்டினார். "இன்னொரு கரண்டி ஊத்துப்பா."

அவன் கரண்டியைத் தூக்கினான். ஊற்ற முடியவில்லை.

"வேண்டாம் கூம். இதுல கோழி இருந்துச்சு. நான்தான் எடுத்துட்டேன்."

வெலிமிர் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

"உனக்குக் கிழமை மறந்துபோச்சு. சரி, அது மறதி. எனக்கு ஊத்தினப்ப ஞாபகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

தெசாங்கா பீன்ஸ் தட்டை மேசை நடுவுக்கு நகர்த்தினாள், யாரும் தொடவில்லை. விருந்து முடியும்வரை வெலிமிர் வெறும் ரொட்டியைப் பிய்த்துத் தின்றார். எழுந்துபோயிருந்தால்கூடத் தேவலை என்று லூபிசாவ் பிறகு சொன்னான்.

மறுநாள் அவன் வெறுங்கையோடு அவர் வாசலில் நின்றான்.

"இன்னைக்கு என்ன கிழமை?" என்றார் வெலிமிர், கதவைப் பாதி திறந்து.

"வியாழன், கூம்."

"அந்தக் கோழி எங்கே?"

"தெசாங்காவோட நாய்க்குப் போட்டுட்டேன்."

"அடப்பாவி! நேத்து எனக்கு ஊத்தினே, இன்னைக்குத் திங்கலாம்னா நாய்க்குப் போட்டிருக்கே. உள்ள வா."

லூபிசாவ் உள்ளே போனான். காபி வந்தது. ஆறும்வரை கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.